ஜப்பானிய, கொரியப் பேச்சைச் செயலி சரியாகக் கேட்கிறதா? மீட்டிங்கில் அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறீர்கள், வாராந்திர மீட்டிங்கில் ஜப்பானியப் பொறியாளர்களும் கொரிய வாடிக்கையாளர் தரப்பும் அவரவர் மொழியில் பேசுவதைப் போனில் உள்ள செயலி தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுகிறது, ஒரு நாள் பிரமாதமாக இருக்கிறது, அடுத்த நாள் தலைகால் புரிவதில்லை. இரண்டு மொழியும் தமிழ் மாதிரியே வினையைக் கடைசியில் வைப்பவை என்கிறார்களே, அப்புறம் ஏன் தமிழுக்கு வரும்போது இவ்வளவு பிசகு, இதை நம்பி வேலை செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இயந்திரத்தின் காதில் விழுவது சரியா என்பது ஒன்று. விழுந்ததை வைத்து அது சொல்லும் பொருள் சரியா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் வேறு வேறு, அதனால் பிரித்தே சொல்கிறேன்.

நான் பேச்சறிதல் துறையில், அதாவது பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களில், பல வருடங்களாக வேலை செய்கிறவன். பெரும்பகுதி ஜப்பானிய மொழியில், பிற்பாடு கொரிய மொழியிலும். எனவே காது சம்பந்தப்பட்ட பகுதியில் நான் சொல்வது துறையில் நிலைபெற்ற விஷயங்கள். மொழிபெயர்ப்புப் பகுதியை அதே துறைக்காரர்களின் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தவன் நான். அங்கே எது என் கணிப்போ அதைக் கணிப்பு என்றே சொல்லிவிடுகிறேன். சுருக்கமான பதில் இதுதான்: மைக் அருகில் இருந்து, ஒருவர் மட்டும் தெளிவாகப் பேசினால், இன்றைய கருவிகள் இரண்டு மொழியையும் நன்றாகவே கேட்கின்றன. ஆனால் உங்களுக்குத் தேவையான சில தகவல்கள் அந்த மொழிகளில் ஒலியிலேயே இருப்பதில்லை; இயந்திரம் அவற்றைத் தானாக இட்டு நிரப்புகிறது, நிரப்பியதை உங்களிடம் சொல்வதில்லை. ஆபத்து முழுக்க அங்கேதான்.

இந்த முயற்சி நேற்று தொடங்கியது இல்லை. கியோட்டோ பக்கத்தில் உள்ள ஏ.டி.ஆர். ஆய்வு நிறுவனம் 1986இல் தொடங்கப்பட்டபோதே பேசும்போதே மொழிபெயர்க்கும் தொலைபேசி அதன் பெரிய கனவுகளில் ஒன்று. 1993 ஜனவரியில் ஜப்பான், அமெரிக்கா, ஜெர்மனி மூன்றுக்கும் இடையே அப்படி ஒரு பேச்சைப் பொதுவில் நடத்திக் காட்டினார்கள். பேச்சு ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும், மாநாட்டுக்குப் பெயர் பதிவு செய்வது. அந்த எல்லைக்கு வெளியே போனால் அதற்கு ஒன்றும் தெரியாது. பிறகு சுற்றுலா வாக்கியங்களுக்கு விரிந்தது, கொரியாவின் ஈ.டி.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனமும் அந்தக் கூட்டுமுயற்சியில் சேர்ந்தது, ஜப்பான் அரசின் ஆய்வு நிறுவனமான என்.ஐ.சி.டி. 2010இல் வாய்ஸ்ட்ரா என்ற செயலியை எல்லாருக்கும் இலவசமாக விட்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த இரண்டு மொழிகளுக்கும் பின்னால் முப்பது நாற்பது வருட உழைப்பும், அரசுப் பணமும், பதிவு செய்து கையால் எழுதிச் சேர்த்த பேச்சும் இருக்கின்றன. ஜப்பானியத்துக்கு இயல்பான பேச்சு மட்டுமே சுமார் 650 மணி நேரம் கொண்ட ஒரு தொகுப்பு 2004இலேயே வெளியாகிவிட்டது. கொரிய மொழிக்கு ஈ.டி.ஆர்.ஐ. 2020இல் விவரம் வெளியிட்ட தொகுப்பு 969 மணி நேரம், ஏறக்குறைய 2,000 பேரின் பேச்சு. நீங்கள் ‘பிரமாதம்’ என்று சொன்ன நாள்களுக்குக் காரணம் இந்த அடித்தளம்.

சரி, ஜப்பானியத்தைக் கேட்பதில் எது எளிது, எது கடினம்? உயிரொலிகள் ஐந்துதான், மெய்களும் குறைவு. தமிழ் படித்தவர்களுக்கு அதன் கணக்கு உடனே பிடிபடும், ஏனென்றால் அது நம் மாத்திரைக் கணக்கு மாதிரியே ஓடுகிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. இரட்டிக்கும் மெய்யும் அசையின் கடைசியில் வரும் ‘ன்’ ஒலியும் அங்கே முழு மாத்திரை பெறும். ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. கிதெ என்றால் ‘வந்து’, கித்தெ என்றால் தபால்தலை. இந்த வேறுபாடு நேர அளவில் மட்டும் இருக்கிறது, ஒருவர் வேகமாகப் பேசும்போது அந்த நேரமே சுருங்கிவிடும். உங்கள் வேலைக்கு இதில் மிக ஆபத்தான ஜோடி தேதிகளில் இருக்கிறது. மாதத்தின் 4ஆம் தேதி ‘யொக்க’, 8ஆம் தேதி ‘யோக’. ஜப்பானியர்களே போனில் இதைத் தடுமாறித் திரும்பக் கேட்பார்கள். அதேபோல் ‘இச்சி’ (1), ‘ஷிச்சி’ (7) குழப்பத்தைத் தவிர்க்க 7ஐ ‘நான’ என்று மாற்றிச் சொல்லும் பழக்கம் அவர்களிடம் பரவலாக உண்டு. மனிதக் காது தடுமாறும் இடத்தில் இயந்திரமும் தடுமாறும்; வித்தியாசம், இயந்திரம் திரும்பக் கேட்காது.

ஒலியை ஒழுங்காகப் பிடித்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. ஜப்பானிய எழுத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது, சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் கஞ்சி எழுத்து, ஒலியை மட்டும் குறிக்கும் ஹிரகானா, கதகானா, மூன்றும் கலந்து வரும், ஒரே உச்சரிப்புக்கு வேறு வேறு கஞ்சியும் வேறு வேறு பொருளும் ஏராளம். அறிவியலுக்கும் வேதியியலுக்கும் உச்சரிப்பு ஒன்றே. குழப்பம் வரும் என்று தோன்றினால் பேசுகிறவரே வேதியியலை ‘பகெககு’ என்று வேறு வாசிப்பில் சொல்லிவிடுவார். சுருதி ஏற்ற இறக்கம் கொஞ்சம் உதவும், ஆனால் அதுவும் ஊருக்கு ஊர் மாறும். ‘ஹஷி’ என்ற சொல்லை டோக்கியோவில் முதல் அசையை உயர்த்திச் சொன்னால் சாப்பிடும் குச்சி, இரண்டாவதை உயர்த்தினால் பாலம். ஒசாகா, கியோட்டோ பக்கம் இது அப்படியே தலைகீழ். அதனால் எந்த எழுத்து என்பதைச் சூழலை வைத்துத்தான் மென்பொருள் தீர்மானிக்கிறது. பொதுப் பேச்சில் இது இப்போது நன்றாகவே நடக்கிறது. உங்கள் தொழிற்சாலைக்கே உரிய உதிரிபாகப் பெயர், அச்சுப் பெயர், ஆள் பெயர் வரும்போதுதான் சறுக்குகிறது. வதனபெ என்ற குடும்பப் பெயரை எழுதப் பல விதமான கஞ்சி இருக்கிறது. ஒலியிலிருந்து அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது, ஜப்பானியர்களே ‘எந்த எழுத்து?’ என்று கேட்டுத்தான் எழுதுவார்கள்.

இங்கே விளம்பரங்களில் வரும் துல்லிய விழுக்காடு பற்றி ஒரு வார்த்தை. இடைவெளி இல்லாததால் ஜப்பானியத்தில் பிழையைச் சொல்லுக்குச் சொல் எண்ணுவது சிக்கல், எழுத்துக்கு எழுத்து எண்ணுகிறார்கள். நான் மேலே சொன்ன ஜப்பானியத் தொகுப்பில் உள்ள உரைகளில் நல்ல மென்பொருள்களின் எழுத்துப் பிழை 5 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவுகளில் பெரும்பகுதி, மைக் வாயருகே இருக்க ஒருவர் தனியாகப் பேசியவை. உங்கள் மீட்டிங்கில் போன் மேசை நடுவில் கிடக்கிறது, ஏசி ஓடுகிறது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்; அந்த எண் அங்கே செல்லாது. தவிர இந்தக் கணக்கில் எல்லா எழுத்தும் சமம். ‘செய்கிறோம்’ என்பது ‘செய்யமாட்டோம்’ ஆனாலும் ஓரிரண்டு எழுத்துப் பிழைதான், மீட்டிங்கின் முடிவே மாறிவிடும் என்றாலும்.

கொரிய மொழியில் கதை வேறு. ஹங்குல் எழுத்து ஒழுங்கானது, ஒலிக்கும் எழுத்துக்கும் நெருக்கம் அதிகம், கஞ்சித் தொல்லை கிடையாது. ஆனால் சொற்கள் சேரும்போது ஒலி மாறும். நம் புணர்ச்சி மாதிரிதான், ஆனால் அவர்கள் எழுத்தில் அதைக் காட்டமாட்டார்கள். ‘குக்’ (சூப்), ‘முல்’ (நீர்) இரண்டும் சேர்ந்தால் வாயில் ‘குங்முல்’, எழுத்தில் மூல வடிவமேதான். அதனால்தான் நான் சொன்ன கொரியத் தொகுப்பில் பேசிய விதம் ஒன்று, எழுதும் விதம் ஒன்று என்று இரண்டு வடிவமும் வைத்திருக்கிறார்கள். பெரிய சிரமம் மெய்யொலிகளில். நிலா, முகமூடி, மகள் மூன்றையும் நம் எழுத்தில் ‘தல்’ என்றுதான் எழுத முடியும்; அவர்களுக்கு முதல் மெய் மூன்று விதம், தளர்ந்தது, மூச்சோடு வருவது, இறுக்கமானது. சியோலில் இளையவர்கள் பேச்சில் தளர்ந்ததற்கும் மூச்சொலிக்கும் இருந்த காற்று வேறுபாடு கரைந்து, அடுத்து வரும் உயிரின் சுருதியை வைத்தே பிரிக்கும் நிலை வந்திருக்கிறது. இதைப் பலர் அளந்து காட்டியிருக்கிறார்கள். பழைய பேச்சறிதல் முறைகள் சுருதியைத் தேவையில்லாதது என்று ஓரங்கட்டியவை என்பதால் இளைஞர் பேச்சில் இது நேரடியாக இடித்தது. இப்போதைய மென்பொருள்களில் உள்ள செயற்கை நரம்பு வலைகள் சூழலையும் சேர்த்துப் பார்ப்பதால் ஓரளவு தப்பிக்கின்றன. உயிர்களிலும் ஒரு கலப்பு நடந்திருக்கிறது. ‘நான்’ என்பதற்கும் ‘நீ’ என்பதற்கும் இருந்த இரண்டு உயிரொலிகள் ஒன்றாகிவிட்டதால் இரண்டுமே ‘நேகா’ என்று ஒலிக்கும். தப்பிக்க அவர்களே ‘நீ’ என்பதை ‘நிகா’ என்று பேசுகிறார்கள். யாராவது ‘நிகா’ என்று மாற்றாமல் எழுத்தில் உள்ளபடியே உச்சரித்தால் தவறு செய்தது ‘நானா’, ‘நீயா’ என்பதே திரையில் புரண்டுவிடும். தேதியில் ‘இர்வொல்’ ஜனவரி, ‘இவொல்’ பிப்ரவரி. இரைச்சலில் அந்த ஒரு ‘ர்’ காணாமல் போவது சகஜம்.

இன்னொன்றும் காது சம்பந்தப்பட்டதுதான், இது புதுசு. 2022இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறிதல் மென்பொருள், இணையத்திலிருந்து எடுத்த 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது, அதில் கொரியமும் ஜப்பானியமும் ஏறத்தாழ ஏழெட்டு ஆயிரம் மணி நேரம் வீதம் இருக்கின்றன. பல செயலிகள் இன்று இதையோ இதே வகையான வேறொன்றையோ உள்ளே வைத்திருக்கின்றன. இந்த வகைக்கு ஒரு பழக்கம்: யாரும் பேசாத இடத்தில், வெறும் மின்விசிறிச் சத்தத்தில், ‘பார்த்தமைக்கு நன்றி’ என்று சுத்தமான ஜப்பானியத்திலோ கொரியத்திலோ எழுதிவிடும், காணொளி வசனங்களில் பயின்றதன் மிச்சம். உங்கள் செயலியில் அப்படி ஒரு வரி வந்தால் அந்த இடத்தைச் சுற்றியுள்ள வரிகளையும் சந்தேகப்படுங்கள். பழைய மென்பொருள் தவறினால் உளறலாகத் தெரியும், கண்டுபிடித்துவிடலாம். இப்போதுள்ளவை தவறினாலும் அழகான வாக்கியமாகத் தவறுகின்றன.

இனி பொருள் பகுதி. நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, தமிழ் மாதிரியே இருக்கும் மொழி தமிழுக்கு வரும்போது ஏன் கெடுகிறது என்பது. சொல்வரிசை ஒற்றுமை நிஜமான அனுகூலம். ஜப்பானியம், கொரியம் இரண்டுக்கும் இடையே இயந்திர மொழிபெயர்ப்பு வெகு முன்பே நன்றாக வேலை செய்தது இதனால்தான். 2000களின் தொடக்கத்திலேயே இரு நாட்டு மக்களும் அவரவர் மொழியில் எழுதி, இயந்திரம் மாற்றித் தர, ஒரே இணையப் பலகையில் காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். தமிழுக்கும் அந்த வழி கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காததற்கு முதல் காரணம், ஜப்பானியமும் தமிழும் நேருக்கு நேர் வைத்த வாக்கியங்கள் மிகக் குறைவு. இரண்டுக்கும் ஆங்கிலத்தோடு நிறைய இருக்கிறது. ஆகவே பல கருவிகள் ஆங்கிலத்தை வெளிப்படையாகவோ மறைவாகவோ நடுவில் வைத்தே தமிழுக்கு வருகின்றன. வழியில் மரியாதை தொலைகிறது. கொரிய வினையில் ‘ஷி’ என்ற ஒட்டு வந்தால் அது நம் ‘வந்தார்’. இல்லாவிட்டால் ‘வந்தான்’ அல்லது வெறும் பொதுநிலை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று. மறுபடி தமிழுக்கு வரும்போது இயந்திரம் எதையாவது ஒன்றைப் போடுகிறது, உங்கள் திரையில் நிறுவனத் தலைவர் ‘வந்தான்’ ஆகிறார். வழி இதுவாக இருக்கும் என்பது என் கணிப்பு, உங்கள் செயலியின் உள்ளமைப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் விளைவு இதே ரூபத்தில் வருவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது காரணம் இதைவிட ஆழமானது, ஆங்கிலம் நடுவில் இல்லாவிட்டாலும் இது இருக்கும். தமிழில் நாம் எழுவாயை விட்டுவிட்டுப் பேசினாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும்: அனுப்புகிறேன், அனுப்புகிறோம், அனுப்புவார்கள். ஜப்பானியத்திலும் கொரியத்திலும் எழுவாயை இன்னும் தாராளமாக விடுவார்கள், வினையிலும் ஆள் யார் என்ற அடையாளம் கிடையாது. ‘அஷித ஒகுரிமஸு’ என்று ஒரு பொறியாளர் சொல்கிறார். நாளை, அனுப்புவது, அவ்வளவுதான் அதில் உள்ளது. யார் அனுப்புவது? மாதிரியை அவர் அனுப்புகிறாரா, தலைமையகம் அனுப்புகிறதா? தமிழில் எழுத வேண்டுமானால் ஒரு விகுதியைத் தேர்ந்தே ஆக வேண்டும், இயந்திரம் தேர்ந்துவிடுகிறது, பெரும்பாலும் ‘நான்’ என்று. நல்ல இன்டர்பிரெட்டர் இதை எப்படிச் சமாளிப்பார் என்றால் பணிவுச் சொல்லைக் கவனிப்பார். வருவதைக் குறிக்க ‘மைரிமஸு’ என்றால் தன் தரப்பைத் தாழ்த்திச் சொல்வது, ‘இரஷ்ஷைமஸு’ என்றால் எதிர்த்தரப்பையோ மூன்றாம் மனிதரையோ உயர்த்திச் சொல்வது; எழுவாய் அங்கே ஒளிந்திருக்கிறது. இயந்திரங்களும் இதைக் கற்றுவருகின்றன, சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு உள்ளே இருக்கும் பெரிய மொழி மாடல்கள் முந்தைய வாக்கியங்களையும் சேர்த்துப் பார்ப்பதால் முன்பைவிட நன்றாகவே ஊகிக்கின்றன. ஆனால் நேரடியாக ஓடும் செயலிகள் பெரும்பாலும் துண்டு துண்டாக வெட்டி மொழிபெயர்க்கின்றன. போன துண்டில் யார் பேச்சு ஓடியது என்பது இந்தத் துண்டுக்குத் தெரியாது.

எதிர்மறை என்பது வாக்கியத்தின் கடைசியில் வருவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ‘ஷிமஸு’ செய்வது, ‘ஷிமசென்’ செய்யாதது. குரல் தாழ்ந்து அடங்கும் இடத்தில் அந்த வித்தியாசம் இருக்கிறது. அடங்கும் குரலைத்தான் மேசை நடுவில் உள்ள போன் முதலில் தவறவிடும். ஜப்பானிய ‘ஹை’, கொரிய ‘நே’ இரண்டும் திரையில் ‘ஆம்’ என்று வரும். பேச்சுக்கு நடுவே வந்தால் பெரும்பாலும் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்’ என்ற அளவுக்குத்தான். நீங்கள் ஒரு தள்ளுபடிக் கோரிக்கையை விளக்கும்போது திரையில் நாலைந்து ‘ஆம்’ வந்தால் ஒப்புக்கொண்டார்கள் என்று குறிப்பெழுதிவிடாதீர்கள்.

அப்புறம், நடைமுறையில் என்ன செய்வது? முதலில் மைக்கைக் கவனியுங்கள். பேசுகிறவர் பக்கத்தில் ஒரு சாதாரண சட்டை மைக் வைப்பது, செயலியை மாற்றுவதைவிட அதிகப் பலன் தரும், இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். செயலியில் மூலமொழி எழுத்தையும் சேர்த்துக் காட்டும் வசதி இருந்தால் அதைக் கட்டாயம் திறந்து வையுங்கள், தமிழ் மட்டும் காட்டும் முறையில் வைக்காதீர்கள். மூல எழுத்தைச் சேமித்தால் பிறகு மொழி தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம், மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதையும் மீட்க முடியாது. ஹங்குல் படிக்கச் சில நாள்கள் போதும், ஹிரகானா கதகானாவுக்குச் சில வாரங்கள். மொழி தெரியாவிட்டாலும் எண், மாதம், பெயர், ‘மசென்’ இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பிடிக்க இது போதும். சொற்பட்டியல் சேர்க்கும் வசதி இருந்தால் உங்கள் உதிரிபாகப் பெயர்களையும் வருகிறவர்களின் பெயர்களையும் முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள். தேதி, அளவு, விலை மூன்றையும் பலகையில் எண்ணாக எழுதி அவர்களிடமே உறுதி வாங்குங்கள். அவர்கள் 10,000த்தை ஓர் அலகாக வைத்து எண்ணுகிறவர்கள், ஜப்பானியத்தில் அது ‘மன்’. பத்து ‘மன்’ நமக்கு ஒரு லட்சம், ஆயிரம் ‘மன்’ ஒரு கோடி. ஆங்கிலம் வழியாக வரும் தொகையை மனதில் இப்படி ஒரு முறை மாற்றிப் பார்த்தால் சுழியம் கூடிக் குறைந்தது உடனே தெரிந்துவிடும். நீங்கள் பேசும்போது செயலிக்காகச் சின்ன வாக்கியமாக, எழுவாயோடு, தமிழும் ஆங்கிலமும் கலக்காமல் பேசுங்கள். ‘யார் செய்வது’ என்பதைக் கேள்வியாகவே கேளுங்கள்: ‘மாதிரியை அனுப்புவது உங்கள் தரப்பா, எங்கள் தரப்பா?’

அன்றாடத் தகவல், அடுத்த கூட்டம் எப்போது, எந்தப் பெட்டி வந்து சேர்ந்தது, எந்த இயந்திரம் நின்றிருக்கிறது, இவற்றுக்குச் செயலி தாராளமாகப் போதும். தரப் புகார், ஒப்பந்த வாசகம், பாதுகாப்பு, யாருக்காவது அடிபட்டது தொடர்பான விசாரணை, இவற்றுக்கு இன்டர்பிரெட்டர் இருக்கட்டும். சென்னையில் ஜப்பானியமும் கொரியமும் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை, ஒரு மணி நேரத்துக்கு ஒருவரைக் கூப்பிடும் செலவு, தவறான தேதியில் ஏற்றிய ஒரு லாரியின் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இன்டர்பிரெட்டர் இருக்கும்போதும் செயலியை மூலமொழி எழுத்துக்காக ஓடவிடலாம், இருவரும் ஒருவரையொருவர் சரிபார்ப்பார்கள். ஆனால் ஓடவிடுவதற்கு முன் அறையில் உள்ள எல்லாரிடமும் கேட்டுவிடுங்கள். இந்தச் செயலிகளில் பல, ஒலியை வெளியே உள்ள சர்வருக்கு அனுப்பித்தான் வேலை செய்கின்றன, வாடிக்கையாளரின் வரைபட எண்ணும் விலையும் அதோடு போகும். உங்கள் நிறுவனத்தின் ஐடி பிரிவு அனுமதித்த செயலி எது என்று இந்த வாரமே விசாரித்து வையுங்கள். பெயரைச் சொன்னால் அது மூலமொழி எழுத்தைச் சேமிக்குமா, சொற்பட்டியல் ஏற்க வழி உண்டா என்று பார்த்துச் சொல்கிறேன்.